கையெழுத்து போடுற இடத்துல ஒரு யானை... எமோஜிக்கு முன்னாடியே படத்தால் பேசிய ஓட்டோ நொய்ராத்!

லெட்டர் எழுதி முடிச்சா கீழே கையெழுத்து போடுவாங்க. இந்த மனுஷர் யானை வரைவார். குண்டா, ரெண்டே கோட்டில் ஒரு யானை. மூட் நல்லா இருந்தா யானை குஷியா நிற்கும். மனசு சரியில்லைன்னா யானையும் சோர்ந்துபோய் நிற்கும். லெட்டரைப் படிக்கிறதுக்கு முன்னாடியே கீழே இருக்கிற யானையைப் பார்த்து, ஆள் எப்படி இருக்கார்னு நண்பர்கள் தெரிஞ்சுக்கலாம்.

எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? மெசேஜ் கடைசியில் நாம தட்டுற எமோஜியேதான். என்ன, இவர் பிறந்தது 1882-ல்.

பேர் ஓட்டோ நொய்ராத். ஊர், ஆஸ்திரியாவின் வியன்னா. பொருளாதார நிபுணர், தத்துவ ஆசிரியர், ஒருமுறை கைதி, இரண்டுமுறை அகதி. இத்தனைக்கும் நடுவுல உலகத்துக்கே பொதுவா ஒரு பட மொழியை உருவாக்கணும்னு கிட்டத்தட்ட 20 வருஷம் போராடினவர். ஏர்போர்ட்ல, மால்ல, ரயில்வே ஸ்டேஷன்ல டாய்லெட் கதவில் நிற்கிற அந்தக் கறுப்பு மனித உருவத்தோட பரம்பரையைத் தேடிப்போனா இவர் வீட்டு வாசலில்தான் போய் நிற்கணும்.

எமோஜிங்கிற வார்த்தையையே பலரும் தப்பாத்தான் புரிஞ்சு வெச்சிருக்கோம். அது எமோஷன்ல இருந்து வரலை. ஜப்பானிய மொழியில் 'எ'ன்னா படம், 'மொஜி'ன்னா எழுத்து. பட எழுத்து, அவ்வளவுதான். 1997-லேயே ஜப்பானில் ஒரு போனில் இந்தப் படங்கள் வந்துடுச்சு. 1999-ல் என்டிடி டோகோமோ நிறுவனத்துக்காக ஷிகேடகா குரிடா 176 படங்களைக் கொண்டுவந்தார். ஒவ்வொண்ணும் 12-க்கு 12 புள்ளிக் கட்டத்துக்குள்ள அடங்கணும். மாங்கா காமிக்ஸ், வானிலை அறிக்கைக் குறிகள், தெருவில் இருக்கிற சைன் போர்டுகள்னு பல இடத்தில் இருந்து குரிடா ஐடியா எடுத்தார். அந்த சைன் போர்டு குறிகளுக்கு ஒரு பூர்வ கதை இருக்கு. நம்ம யானைக்காரர் உள்ளே வர்றது அங்கேதான்.

அப்பாவின் லைப்ரரி

ஓட்டோவின் அப்பா வில்ஹெல்ம் நொய்ராத் பொருளாதாரப் பேராசிரியர். வீடு முழுக்கப் புத்தகம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்கு முன்னாடியே பையனுக்கு அந்தப் புத்தகங்களில் இருக்கிற வரைபடங்கள் மேல ஆசை. வியன்னா மியூசியத்தில் இருந்த எகிப்திய ஓவியங்கள் அவரை ரொம்பவே இழுத்தன. வரிசை வரிசையா ஆட்கள், மாடுகள், படகுகள். அந்த மொழி தெரியாத சின்னப் பையனுக்கும் அங்கே என்ன நடக்குதுன்னு புரிஞ்சது. கடைசிக் காலத்தில் தன் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தப்போகூட அவர் எகிப்திய எழுத்தில் இருந்துதான் ஆரம்பிச்சார்.

1906-ல் பெர்லினில் டாக்டர் பட்டம். அடுத்த வருஷமே எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளருமான அன்னா ஷாபிரேவோடு கல்யாணம். 1911-ல் மகன் பவுல் பிறந்தான். பிரசவத்தைத் தொடர்ந்து அன்னா இறந்துபோனார்.

மறுவருஷம் ஓட்டோ கல்யாணம் பண்ணிக்கிட்டது ஓல்கா ஹானை. ஓல்கா கணித மாணவி. இளம் வயசிலேயே பார்வை போயிடுச்சு. படிப்பை விட்டுடலாம்னு இருந்தவருக்கு ஓட்டோவும் நண்பர்களும் பாடப் புத்தகங்களை வாய்விட்டுப் படிச்சுக் காட்டினாங்க. அப்படிக் கேட்டுக் கேட்டே 1911-ல் டாக்டர் பட்டம் வாங்கி, தர்க்க இயலில் ஆய்வுக் கட்டுரைகளும் எழுதினார் ஓல்கா. படங்களால் உலகத்தோட பேச ஆசைப்பட்டவர் 25 வருஷம் குடும்பம் நடத்தினது, படத்தைப் பார்க்கவே முடியாத ஒருத்தரோட. எந்த சினிமாக்காரரும் இதை எழுதியிருந்தா ஓவர்னு சொல்லியிருப்போம்.

ஜெயில் வரைக்கும் போன பொருளாதாரம்

முதல் உலகப் போர் வந்துச்சு. ராணுவத்தில் சேர்ந்த ஓட்டோ, பிறகு போர்க்காலப் பொருளாதாரத்தை ஆராயும் பிரிவுக்குப் போனார். போர் முடியறப்போ ஆஸ்திரியப் பேரரசே இல்லை. பக்கத்தில் ஜெர்மனியின் பவேரியாவில் 1919-ல் ஒரு புரட்சி அரசு அமைஞ்சது. அதில் பொருளாதாரத் திட்டமிடல் பொறுப்பு ஓட்டோவுக்கு. சில வாரங்களிலேயே ராணுவம் அந்த அரசை நசுக்கிடுச்சு. ஓட்டோ கைது. ஒன்றரை வருஷத் தண்டனை. சமூகவியல் மேதை மேக்ஸ் வேபர் கோர்ட்டுக்கு வந்து இவருக்காகச் சாட்சி சொன்னார். ஆஸ்திரிய அரசு தலையிட, சொந்த ஊருக்கு அனுப்பிவெச்சாங்க. ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆசிரியர் வேலை போச்சு.

இங்கே ஒரு கேள்வி வரும். இவ்வளவு சீரியஸான ஆள், குட்டிக் குட்டிப் பொம்மைப் படங்களுக்கு எப்படி வந்தார்?

காரணம் பசி. போருக்குப் பிந்தைய வியன்னாவில் சாப்பாடும் இல்லை, வீடும் இல்லை. நகரத்தின் ஓரத்தில் கிடைச்ச நிலத்தில் மக்களே குடிசை போட்டு, காய்கறி பயிரிட ஆரம்பிச்சாங்க. அந்தக் குடியேற்றக்காரர்களின் சங்கத்துக்குச் செயலாளரா ஓட்டோ வேலை பார்த்தார். அவர்களுக்கு விஷயங்களைப் புரியவைக்கணும்: வீடு எப்படிக் கட்டுறது, நகரம் எப்படி வளருது, ஏன் இந்த நிலைமை. புத்தகம் கொடுத்தா பாதிப் பேர் படிக்கமாட்டாங்க. அட்டவணை கொடுத்தா ஒருத்தரும் பார்க்கமாட்டாங்க. 1923-ல் வீடு, நகரமைப்பு பற்றி ஒரு சின்ன மியூசியம் ஆரம்பிச்சார். அதுதான் 1925 ஜனவரியில் சமூக, பொருளாதார மியூசியமா மாறுச்சு.

அப்போ வியன்னாவை ஆண்டது சோஷலிஸ்டுகள். 10 வருஷத்துக்குள்ள 60,000-க்கும் மேற்பட்ட வீடுகளை நகராட்சியே கட்டிக் குறைஞ்ச வாடகைக்கு விட்டுச்சு. அந்தப் பணம் எங்கிருந்து வருது, எங்கே போகுது, குழந்தைகள் சாவு குறைஞ்சிருக்கா, காசநோய் எந்தத் தெருவில் அதிகம்னு மக்களுக்குக் காட்டணும். 1927-ல் வியன்னா நகர மன்றக் கட்டடத்தின் பெரிய கூடத்திலேயே கண்காட்சி வெச்சாங்க.

மூணு எமோஜி ஏன் போடுறோம்?

இனிதான் மேட்டர். ஓட்டோவும் அவர் டீமும் கண்டுபிடிச்ச விதிகள் சில, நாம தினமும் போனில் பண்ணுற விஷயங்கள்.

முதல் விதி, அளவைப் பற்றியது. ஒரு நாட்டில் 10 லட்சம் பேர் இருக்காங்க, இன்னொண்ணுல 40 லட்சம் பேர். அந்தக் காலத்து ஆட்கள் ஒரு சின்ன மனிதனையும் பக்கத்தில் ஒரு ராட்சச மனிதனையும் வரைவாங்க. பார்த்தா, அந்த நாட்டுக்காரங்க உயரமானவங்களோன்னு தோணும். ஓட்டோ இதைத் தூக்கிப்போட்டார். படத்தோட சைஸ் மாறவே கூடாது. 10 லட்சத்துக்கு ஒரு ஆள்னா, 40 லட்சத்துக்கு நாலு ஆள். எண்ணிப் பார்த்துக்கலாம்.

நாமளும் அதைத்தான் பண்ணுறோம். ரொம்பச் சிரிப்பு வந்தா சிரிக்கிற முகத்தைப் பெருசாக்குறதில்லை, மூணு போடுறோம். இன்னும் சிரிப்பு வந்தா ஏழு. இந்த விதியை நமக்கு யாருமே சொல்லித் தரலை.

இங்கிலாந்தின் நெசவு பற்றி அவர்கள் போட்ட ஒரு படம் ரொம்பப் பிரபலம். ஒரு மனித உருவம்னா 10,000 நெசவாளர்கள். 1820-ல் வீட்டில் தறி போடுறவங்க வரிசைகட்டி நிற்கிறாங்க. கீழே வரவர ஃபேக்டரி ஆட்கள் கூடிக்கிட்டே போறாங்க, துணி உற்பத்தி எங்கேயோ போயிடுது, வீட்டு நெசவாளர் வரிசை மட்டும் தேய்ஞ்சு தேய்ஞ்சு 1880-ல் காணாமலே போகுது. ஒரு பக்கம்தான். பாடப் புத்தகத்துல இதே விஷயத்தை அரை மணி நேரம் படிச்சாலும் மனசுல நிற்காது. துல்லியமான எண்ணைப் படிச்சிட்டு மறக்கிறதைவிட, எளிமையான படத்தை ஞாபகம் வெச்சிருக்கிறது மேல்ங்கிறது ஓட்டோவின் கட்சி.

அடுத்த விதி, பார்வை பற்றியது. முதல் பார்வையிலேயே முக்கியமான விஷயம் தெரியணும். ரெண்டாவது பார்வையில் அடுத்த விஷயம். மூணாவதில் நுணுக்கங்கள். நாலாவதா பார்த்தும் புதுசா ஏதாவது தெரிஞ்சா, அந்தப் படத்துல தேவையில்லாத ஐட்டம் இருக்குன்னு அர்த்தம். இன்ஸ்டாவில் போஸ்டர் டிசைன் பண்ணுற தம்பிகள் இதைப் பிரின்ட் போட்டு ஒட்டிக்கலாம்.

இந்த வேலையை அவர் தனியா பண்ணலைங்கிறதை அழுத்திச் சொல்லணும். ஓட்டோவுக்கு நல்லா வரையவெல்லாம் தெரியாது, யானையைத் தவிர. 1925-ல் சேர்ந்த மேரி ரைடெமெய்ஸ்டர்தான் மூளை. அறிஞர்கள் கொடுக்கிற எண்களை வாங்கி, இதில் மக்களுக்கு என்ன தேவை, எதை விடலாம், எப்படி அடுக்கலாம்னு முடிவுபண்ணுறவர். அவங்க அந்த வேலைக்கு 'டிரான்ஸ்ஃபார்மர்'னே பேர் வெச்சிருந்தாங்க. இன்னிக்கு டேட்டா ஜர்னலிசம், இன்ஃபோகிராஃபிக்ஸ்னு சொல்லிச் சம்பளம் வாங்குற எல்லோருக்கும் மேரிதான் முன்னோடி.

படங்களை உருவாக்கியது கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்ற ஜெர்மன் ஓவியர். 1929-ல் வியன்னாவுக்கு வந்தார். லினோலியம் ஷீட்டில் செதுக்கி, அதையே அச்சுக் கட்டையா வெச்சு எத்தனை ஆள் வேணுமோ அத்தனை முறை அச்செடுப்பாங்க. காப்பி பேஸ்ட்டுக்கு அன்னிக்கு இதுதான் வழி. ஆர்ன்ட்ஸ் தன் வாழ்நாளில் சுமார் 4,000 குறிகளை உருவாக்கினார்னு சொல்லுவாங்க. இன்னிக்கு யூனிகோடில் இருக்கிற எமோஜிகளின் எண்ணிக்கை 3,700-ஐத் தாண்டியிருக்கு. பல நாட்டு கம்பெனிகள் சேர்ந்து பல வருஷத்தில் எட்டின எண்ணிக்கையை ஒத்தை ஆள் கத்தியும் கையுமா எட்டியிருக்கார்.

அந்தக் குறிகளில் ஒண்ணைக் கட்டாயம் பார்க்கணும். வேலை இல்லாதவர். ரெண்டு கையும் பேன்ட் பாக்கெட்டில், தோள் தொங்கி நிற்கிற ஒரு உருவம். முகத்துல கண்ணு, மூக்கு, வாய் ஒண்ணுமே கிடையாது. ஆனா அந்த நிற்கிற விதத்திலேயே எல்லாம் இருக்கு.

ஆமா, ஓட்டோவின் மொழியில் யாருக்கும் முகபாவம் இல்லை. சிரிப்பு இல்லை, அழுகை இல்லை. அவருக்கு அது வேண்டாம். உணர்ச்சியைத் தூண்டி ஆளை இழுக்கிறது அரசியல்வாதிகள் வேலை, நாம உண்மையை அடுக்கிக் காட்டுவோம், ஜனங்க தானா யோசிக்கட்டும்ங்கிறது அவர் நிலைப்பாடு. எமோஜி நேர் எதிர்த் திசையில் போச்சு. அதில் முகம்தான் ராஜா. 2015-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 'ஆண்டின் சொல்'லா தேர்ந்தெடுத்ததே ஆனந்தக் கண்ணீர் விட்டுச் சிரிக்கிற முகத்தைத்தான். என்னைக் கேட்டா, ஓட்டோ இதை ரொம்ப எதிர்த்திருக்க மாட்டார். மியூசியம் சுவரில் முகமே இல்லாத ஆட்களை நிறுத்திவெச்ச மனுஷர்தானே, நண்பர்களுக்கு எழுதுறப்போ மூடுக்கு ஒரு யானை வரைஞ்சார்? எண்களுக்கு ஒரு படம், மனசுக்கு ஒரு படம்.

'எம்' சொன்னா புரிஞ்சுக்கோ

இதே காலத்தில் வியன்னாவில் தத்துவக்காரர்களும் விஞ்ஞானிகளும் வாராவாரம் கூடிப் பேசுவாங்க. வியன்னா வட்டம்னு பேர். மோரிட்ஸ் ஷ்லிக், ருடால்ஃப் கார்னாப், ஓல்காவின் அண்ணன் ஹன்ஸ் ஹான்னு பெரிய தலைகள். யாராவது சோதிச்சுப் பார்க்க முடியாத விஷயத்தைப் பேச ஆரம்பிச்சா ஓட்டோவுக்குப் பொறுக்காது. மெட்டாஃபிசிக்ஸ்னு கத்துவார். அது கூட்டத்துக்கே தொல்லையாப் போக, முழு வார்த்தை வேண்டாம், 'எம்'முன்னு மட்டும் முனகினா போதும்னு யாரோ சொன்னாங்களாம். அதுக்கு ஓட்டோ யோசிச்சுப் பார்த்துட்டு, நீங்க எல்லாரும் மெட்டாஃபிசிக்ஸ் பேசாதப்போ மட்டும் 'நாட் எம்'முன்னு சொல்றேன், அதுதான் டைம் மிச்சம்னு பதில் கொடுத்தாராம். அந்த வட்டத்தில் காலங்காலமா சொல்லப்படுற கதை இது. குரூப் சாட்டில் ஒவ்வொரு மெசேஜுக்கும் ரியாக்‌ஷன் போடுற ஒரு நண்பர் உங்க குரூப்லயும் இருப்பார்.

ஒரு தந்தி

1934 பிப்ரவரி. ஆஸ்திரியாவில் சர்வாதிகாரம் கால் ஊன்றி, சோஷலிஸ்டுகள் மேல ராணுவம் பீரங்கியைத் திருப்புது. குண்டு விழுந்தது, நகராட்சி கட்டிக்கொடுத்த அதே குடியிருப்புகள் மேல. ஓட்டோ அப்போ மாஸ்கோவில். அங்கேயும் படப் புள்ளிவிவர நிலையம் ஒண்ணு அமைக்க சோவியத் அரசு இவங்களைக் கூப்பிட்டிருந்தது. வியன்னாவுக்குத் திரும்பினா கைது நிச்சயம். இதை மேரி எப்படிச் சொல்றது? தந்தியை வழியில் யார் வேணும்னாலும் படிக்கலாமே!

ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெச்சிருந்த சங்கேதம் கைகொடுத்தது. கார்னாப் உங்களுக்காகக் காத்திருக்கார்னு ஒரு தந்தி. கார்னாப் அப்போ பிராக் நகரத்தில் வேலை பார்த்தார். புரிஞ்சிருக்குமே... வியன்னாவுக்கு வராதீங்க, பிராக் போங்க. ஓட்டோ பிராக் போய், அங்கிருந்து நெதர்லாந்தின் தி ஹேக் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஓல்கா, மேரி, ஆர்ன்ட்ஸ் எல்லோரும் பின்னாடியே வந்தாங்க. வியன்னாவில் இருந்த மியூசியம் கைவிட்டுப் போச்சு.

வியன்னா இல்லாம 'வியன்னா முறை'ங்கிற பேர் எதுக்கு? 1935-ல் மேரிதான் ஐசோடைப்னு புதுப் பேர் வெச்சார். 1936-ல் சர்வதேசப் பட மொழி பற்றி ஓட்டோவின் புத்தகம் லண்டனில் வந்தது. அதை எழுதினது 'பேசிக் இங்கிலீஷ்'ல. மொத்தமே 850 சொற்கள் கொண்ட எளிய ஆங்கிலம் அது. அந்தப் புத்தகத்துல அவர் ஒரு விஷயத்துல தெளிவா இருந்தார். பட மொழி எல்லாத்தையும் சொல்லிடாது. அது துணை மொழி. வார்த்தையோட சேர்ந்துதான் நடக்கும்.

எமோஜி விஷயத்துல நாம கோட்டை விடுற இடம் இதுதான். ரெண்டு கை சேர்ந்திருக்கிற அந்தப் படத்தை எடுத்துக்கோங்க. ஒருத்தருக்கு அது நன்றி, ஒருத்தருக்கு பிரார்த்தனை, இன்னொருத்தருக்கு வணக்கம், ஆள விடுப்பான்னு அர்த்தத்திலும் அனுப்புறோம். வெறுமனே அதை மட்டும் அனுப்பினா, அந்தப் பக்கம் இருக்கிறவங்க அவங்க மூடுக்கு ஏத்த அர்த்தத்தை எடுத்துப்பாங்க. கூட ரெண்டு வார்த்தை போட்டா சண்டை மிச்சம்.

ஒரு குறி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கணும்கிறதிலும் ஓட்டோ கறார். எமோஜியில் அது அவ்வளவு சுலபமா நடக்கலை. 2016-ல் ஆப்பிள் துப்பாக்கிப் படத்தை எடுத்துட்டு பச்சை வாட்டர் கன் வெச்சது. மற்ற பெரிய கம்பெனிகள் பலவும் மாறினது 2018-ல்தான். நடுவுல ஐபோனில் இருந்து ஒருத்தர் விளையாட்டாத் தண்ணி பீய்ச்சினா, ஆண்ட்ராய்டுல வாங்குறவர் திரையில் நிஜத் துப்பாக்கி!

அவங்களும் சறுக்கின இடம் உண்டு. உலக மக்களைப் படத்தில் காட்டும்போது கறுப்பு, மஞ்சள், பழுப்புன்னு உருவத்துக்குக் கலர் கொடுத்து, தலையில் தொப்பியும் தலைப்பாகையும் வெச்சு இனம் பிரிச்சாங்க. நல்ல எண்ணத்தோடதான் செஞ்சாங்க. ஆனாலும் இன்னிக்குப் பார்க்க நெருடுது. ஒரு கண்டத்தையே ஒரு தலைப்பாகையில் அடக்க முடியுமா என்ன? எமோஜிக்குத் தோல் நிறம் மாற்றுற வசதி 2015-ல்தான் யூனிகோடில் வந்தது. இப்பவும் யாருடைய உடை இருக்கு, யாருடைய சாப்பாடு இல்லைன்னு சண்டை ஓயலை.

கடலில் ஒரு படகு

1937-ல் ஒரு ஆபரேஷனுக்குப் பிறகு ஓல்கா இறந்துபோனார். 1938-ல் ஆஸ்திரியாவை ஹிட்லர் எடுத்துக்கிட்டார். மகன் பவுலைப் பிடிச்சு முதலில் டாக்கௌ, பிறகு புஹன்வால்ட் வதை முகாமில் போட்டாங்க. 1939-ல் வெளியே வந்து ஸ்வீடனுக்கும், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் தப்பிச்சார் பவுல். தான் இருந்த முகாம்களைப் பற்றியே ஆய்வு செஞ்சு டாக்டர் பட்டம் வாங்கினார். அதே பவுல் 1956-ல் நம்ம புனே பக்கம் கிராமங்களில் ரேடியோ விவசாய மன்றங்களை ஆராய வந்தது தனிக் கதை.

1940 மே 10-ம் தேதி ஜெர்மன் படை நெதர்லாந்துக்குள்ள நுழைஞ்சது. 14-ம் தேதி ரோட்டர்டாம் எரிஞ்சது. நெதர்லாந்து சரணடையுதுன்னு செய்தி வருது. ஓட்டோவுக்கு வயசு 57. அப்பா வழியில் யூத வம்சம், இடதுசாரி, ஏற்கெனவே தேடப்பட்ட ஆள். சிக்கினா என்ன ஆகும்னு சொல்லவேண்டியதில்லை. அவரும் மேரியும் கையில் கிடைச்சதோட ஸ்கெவெனிங்கன் துறைமுகத்துக்கு ஓடினாங்க. உயிர்காப்புப் படகு ஒண்ணைச் சில மாணவர்கள் கிளப்பிக்கிட்டிருந்தாங்க. பேர் 'ஸேமன்ஸ்ஹோப்', அதாவது மாலுமியின் நம்பிக்கை. கொஞ்சம் பேருக்கான படகில் 40-க்கும் மேற்பட்டவங்க. எல்லோரும் ஏறியாச்சு, படகு இருட்டில் கடலுக்குள்ள போயாச்சு. மறுநாள் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒண்ணு அவங்களைத் தூக்கிக்கிச்சு.

அறிவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஓட்டோ வருஷக்கணக்கா ஒரே உவமையைத்தான் சொல்லிக்கிட்டிருந்தார். நாமெல்லாம் நடுக்கடலில் இருக்கிற மாலுமிகள். கப்பலைக் கரைக்குக் கொண்டுபோய் அக்கக்காப் பிரிச்சுப் புதுசா கட்ட வழியில்லை. மிதந்துக்கிட்டே பலகை பலகையாத்தான் மாத்திக்கணும். தத்துவம் படிக்கிறவங்க மத்தியில் இன்னிக்கும் அது 'நொய்ராத்தின் படகு'. அதை எழுதினவருக்கே நிஜக் கடலில் நிஜப் படகு.

இங்கிலாந்தில் இறங்கினா மாலை போட்டா வரவேற்பாங்க? ஆஸ்திரியர், அதனால் எதிரி நாட்டுக்காரர். ஓட்டோவும் மேரியும் தனித்தனி முகாம்களில் அடைக்கப்பட்டாங்க. ஐல் ஆஃப் மேன் தீவில் மாசக்கணக்கா இருந்தாங்க. நண்பர்களும் அறிஞர்களும் எழுதி எழுதி 1941 பிப்ரவரியில் விடுதலை வாங்கிக்கொடுத்தாங்க. வெளியே வந்த அதே மாசம் ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. மேரி ரைடெமெய்ஸ்டர், மேரி நொய்ராத் ஆனார். ஆர்ன்ட்ஸ் நெதர்லாந்திலேயே மாட்டிக்கிட்டார். அத்தனை வருஷ அச்சுக் கட்டைகளும் அங்கேயே தங்கிடுச்சு.

1942-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஐசோடைப் நிறுவனத்தை ஆரம்பிச்சாங்க. மறுபடி முதலிலிருந்து. இப்போ படங்கள் அசையவும் ஆரம்பிச்சது. இயக்குநர் பால் ரோத்தாவின் டாக்குமென்டரிகளில் உணவுப் பஞ்சம், வீட்டு வசதின்னு ஐசோடைப் உருவங்கள் வரிசையா நடந்து வந்தன. 1945-ல் பில்ஸ்டன் என்ற தொழில் நகரம், சேரியில் இருக்கிறவங்களுக்குப் புது வீடு கட்ட ஆலோசனை கேட்டுக் கூப்பிட்டது. 20 வருஷத்துக்கு முன்னாடி வியன்னாவில் ஆரம்பிச்ச அதே வேலை. ரொம்ப உற்சாகமாப் போய்வந்தார் ஓட்டோ. அந்த டிசம்பர் 22-ம் தேதி ஆக்ஸ்ஃபோர்டு வீட்டில் திடீர்னு உயிர் பிரிஞ்சது. வயசு 63. வாழ்க்கை வரலாற்றைப் பாதியில் விட்டுட்டுப் போனார். அது முழுசா புத்தகமா வந்தது 2010-ல். அதே வருஷம் அக்டோபரில்தான் யூனிகோடு எமோஜிகளைத் தன் பட்டியலில் சேர்த்தது.

ஐசோடைப்பைப் பார்த்து வளர்ந்த டிசைனர்களில் ஜப்பானின் மசாரு கட்சுமி ஒருத்தர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு உலகம் முழுக்க இருந்து ஜனம் வரப்போகுது, ஜப்பானிய எழுத்து யாருக்கும் தெரியாது. கட்சுமியின் டீம், விளையாட்டுக்கும் டாய்லெட்டுக்கும் கேன்டீனுக்கும் குறிகள் வரைஞ்சது. அந்தக் குறிகள் ஜப்பான் தெருக்களுக்குப் பரவின. 35 வருஷம் கழிச்சு அதே நாட்டில் குரிடா 12-க்கு 12 கட்டத்தோட உட்கார்ந்தார். அந்த 176 படங்களும் இப்போ நியூயார்க்கின் நவீன கலை மியூசியத்தில் இருக்கு.

ஓல்காவை நினைச்சா எமோஜி பற்றி ஒண்ணு சொல்லியே ஆகணும். பார்வையில்லாதவங்க போனில் ஸ்க்ரீன் ரீடர் இருக்கும். அது எமோஜியைப் படமாப் பார்க்காது. அதோட பேரை வாய்விட்டுப் படிக்கும். நீங்க எட்டு சிரிப்பு முகம் போட்டா, ஆனந்தக் கண்ணீருடன் சிரிக்கும் முகம்கிற மாதிரி ஒரு நீளமான பேரை அது எட்டு தடவை படிச்சு முடிக்கணும், அப்புறம்தான் அடுத்த வார்த்தை. வாக்கியத்துக்கு நடுவுல செருகினா இன்னும் குழப்பம். கடைசியில் ஒண்ணு வைங்க, ரெண்டு வைங்க. கீபோர்டின் தேடல் பெட்டியில் சொல்லைத் தட்டினா படம் வந்து நிற்கிறதுக்கும் இதே பேர்கள்தான் உதவுது. யூனிகோடு அந்தப் பேர்களைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் தொகுத்து வெச்சிருக்கு. ஒரு எமோஜிக்கு என்ன அர்த்தம்னு சந்தேகம் வந்தா அந்தப் பேரைப் பார்த்துட்டு அனுப்பலாம்.

மேரி, ஓட்டோ போன பிறகும் 25 வருஷத்துக்கு மேல அந்த வேலையை விடலை. குழந்தைகளுக்கு அறிவியல் புத்தகங்கள் போட்டார். விதை எப்படி முளைக்குது, எரிமலைக்கு அடியில் என்ன இருக்கு, இந்த மாதிரி. 1950-களில் மேற்கு நைஜீரியாவுக்குப் போய், அந்த ஊர் மக்களுக்காகப் படத் துண்டுப் பிரசுரங்கள் தயாரிச்சார். அங்கே போனதும் ஐரோப்பாவில் வரைஞ்ச ஆளும் வீடும் எடுபடாதுன்னு புரிஞ்சது. அந்த ஊர் வீட்டையும் அந்த ஊர் உடையையும் பார்த்துப் பார்த்துக் குறிகளைத் திரும்ப வரையவெச்சார். 1971-ல் வேலையை நிறுத்தி, இருந்த படங்கள், கடிதங்கள் எல்லாத்தையும் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். 1986-ல் லண்டனில் இறந்தார். ஆர்ன்ட்ஸின் வேலைகள் தி ஹேக் நகர மியூசியத்தில் இருக்கு. பாக்கெட்டில் கைவிட்டு நிற்கிற அந்த வேலை இல்லாதவரை நெட்டிலேயே பார்க்கலாம்.